‘ஜட்ஜ் ஆவேன்’ என்கிறாள் மகள்: அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழி என்ன?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். நான் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் ஐ.டி. மகளுக்கு 20 வயது. மூன்று வயதில் திருச்சியிலிருந்து கூட்டிவந்தோம். இப்போது எல்லோருமே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டோம். ரட்கர்ஸில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிறாள். டாக்டருக்குப் படிப்பாள் என்று நினைத்திருந்தோம். போன வருடம் வகுப்போடு ஃபிலடெல்ஃபியா போய் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வாதத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து, “நான் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதி ஆவேன்” என்று ஒரே பிடிவாதம். ஸ்ரீ ஸ்ரீனிவாசன் என்று ஒருவர் இருக்கிறாராம், நம் ஊர்க்காரராம், அவர் பேச்சுதான் எப்போதும். திருச்சியில் வக்கீலாக இருக்கும் என் தம்பி, “அதற்கு என்ன பரீட்சை என்று கேள்” என்கிறான். பரீட்சையே கிடையாது என்கிறாள் மகள். பரீட்சை இல்லை என்றால் சிபாரிசா? எங்களுக்கு எந்த அரசியல்வாதியையும் தெரியாது. இந்தியாவில் பிறந்தது தடையா? நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்காத பெண் அவள். அவளால் முடியுமா? எத்தனை வருடம் ஆகும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சட்டப் படிப்பு முடித்த கையோடு ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) மேல்முறையீட்டு நீதிபதியிடம் ஓராண்டு லா கிளர்க்காக இருந்தேன். அன்று முதல் மேல்முறையீட்டு வழக்குகள்தான் என் பிழைப்பு. உங்கள் கடிதத்தைப் படித்ததும், என் அம்மா ஊரில் இருந்தபடி தொலைபேசியில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது: “இவ்வளவு படிச்சு கடைசியில் குமாஸ்தா வேலையா?” அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் தம்பிக்குப் பதில்.

உங்கள் மகள் சொன்னது சரி, பரீட்சை கிடையாது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி ஆக தேர்வாணையத் தேர்வு எழுதலாம். உயர் நீதிமன்ற நீதிபதி ஆக வேண்டுமானால் பத்து வருடமாவது வக்கீலாக இருந்திருக்க வேண்டும், அல்லது கீழ் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். 62 வயதில் ஓய்வு. உங்கள் தம்பிக்குப் பழகிய ஏணி இது. அமெரிக்க ஃபெடரல் நீதிபதி பதவிக்கு இப்படி எந்த ஏணியும் இல்லை. அரசியலமைப்புச் சட்டம் குறைந்தபட்ச வயது சொல்லவில்லை, இத்தனை வருட அனுபவம் என்று சொல்லவில்லை, சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அதிபர் ஒருவரை நியமனத்துக்கு முன்மொழிவார், நாடாளுமன்ற மேலவையான செனட் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். சம்மதம் கிடைத்து உட்கார்ந்துவிட்டால் ஓய்வு வயது என்பதே இல்லை. நன்னடத்தை உள்ளவரை பதவி, நடைமுறையில் ஆயுள் முழுவதும்.

ஆனால் இடங்கள் மிகக் குறைவு. நாடு முழுவதும் 13 ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், அவற்றில் சட்டப்படி 179 நீதிபதி இடங்கள். உங்கள் மகள் போய்ப் பார்த்தது மூன்றாவது சர்க்யூட், அதாவது மூன்றாவது வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர், வர்ஜின் தீவுகள் ஆகியவை அதன் எல்லைக்குள் வரும். அங்கே 14 இடங்கள். ஒருவர் ஓய்வெடுத்தாலோ, இறந்தாலோ, ‘சீனியர்’ நிலைக்கு நகர்ந்தாலோதான் ஓர் இடம் காலியாகும். 65 வயதும் 15 வருடப் பணியும் முடிந்த நீதிபதி சீனியர் நிலைக்குப் போகலாம். சம்பளம் தொடரும், வழக்குகள் குறையும், அவருடைய இடம் காலியாகும். எப்போது போவது என்பது அவர் விருப்பம். எந்த அதிபர் ஆட்சியில் போகலாம் என்று கணக்குப் போட்டுக் காத்திருக்கும் நீதிபதிகளும் உண்டு.

ஆகவே, ‘இதைச் செய்தால் இது கிடைக்கும்’ என்று உங்கள் மகளுக்கு ஒரு கால அட்டவணை போட்டுத் தர என்னால் முடியாது. யாராவது போட்டுத் தந்தால் நம்பாதீர்கள். நான் சொல்லக்கூடியது, இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எப்படி வந்தார்கள், அந்த வழியில் எந்தப் படியெல்லாம் நாற்காலி கிடைக்காமல் போனாலும் வீண் போகாது என்பதைத்தான்.

மகள் சொல்லும் ஸ்ரீ ஸ்ரீனிவாசனையே எடுத்துக்கொள்வோம். பிறந்தது சண்டிகரில், 1967-ல். தந்தையின் பூர்வீகம் திருநெல்வேலி அருகே மேலத் திருவேங்கடநாதபுரம். தந்தை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார், ஸ்ரீனிவாசன் வளர்ந்தது அந்தப் பல்கலைக்கழக ஊரில்தான். இந்தியாவில் பிறந்தது தடையா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு மட்டுமே. ஃபெடரல் அரசில் வழக்கறிஞர் வேலைக்கும் கிளர்க் வேலைக்கும் குடியுரிமை பெரிய விஷயம், அதை நீங்கள் வாங்கிவிட்டீர்கள். இந்தக் கவலையை இன்றே விட்டுவிடலாம்.

ஸ்ரீனிவாசன் ஸ்டான்ஃபோர்டில் 1995-ல் சட்டப் பட்டமும் நிர்வாகப் பட்டமும் சேர்த்து முடித்தார். பிறகு நான்காவது சர்க்யூட்டில் நீதிபதி வில்கின்சனிடம் கிளர்க். அதன்பின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரிடம் கிளர்க். சில வருடம் ஒரு பெரிய சட்ட நிறுவனம். 2002 முதல் 2007 வரை சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம். உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க அரசுக்காக வாதாடும் சிறிய குழு அது. மீண்டும் அதே நிறுவனத்தில் பங்குதாரர். 2011-ல் திரும்பவும் அரசுப் பணிக்கு வந்து முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரல். நீதிபதி ஆவதற்குள் உச்ச நீதிமன்றத்தில் 25 வழக்குகளில் நின்று வாதாடியிருந்தார்.

இப்போது காத்திருப்பைப் பாருங்கள். வாஷிங்டன் டி.சி. சர்க்யூட்டில் அவர் உட்கார்ந்த இடம் 2008-ல் காலியானது. 2012 ஜூனில் ஒபாமா அவர் பெயரை அனுப்பினார். அந்த ஆண்டு செனட் முடிவெடுக்கவில்லை. 2013 ஜனவரியில் மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. மே 23 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 97, எதிர்ப்பு பூஜ்யம். பகவத் கீதை மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார், செய்துவைத்தவர் அவருடைய பழைய நீதிபதி ஓ’கானர். 2020-ல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். சட்டப் பட்டம் வாங்கியதிலிருந்து நீதிபதி ஆகும் வரை 18 வருடம். ‘எத்தனை வருடம்’ என்று கேட்டீர்களே, வேகமாகப் போனவருக்கே இந்தக் கணக்கு. பலருக்கு இருபது, இருபத்தைந்து ஆகிறது.

அந்த 97-0 என் மனதில் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் புஷ் ஆட்சியிலும் அரசுக்காக வாதாடினார், ஒபாமா ஆட்சியிலும் வாதாடினார். இரண்டு கட்சி ஆட்சிகளிலும் அதே அலுவலகத்தில் உயர் பதவி வகித்தவர்கள் சேர்ந்து அவருக்காக செனட்டுக்கு எழுதினார்கள். கூட வேலை பார்த்தவர்களின் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்திருக்கும்.

எல்லோரும் இதே பாதையில் வந்தவர்கள் இல்லை. பெர்னிஸ் டொனால்ட் மெம்ஃபிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 1982-ல் உள்ளூர்க் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி, 1988-ல் திவால் நீதிமன்ற நீதிபதி, 1995-ல் ஃபெடரல் மாவட்ட நீதிபதி, 2011-ல் ஆறாவது சர்க்யூட். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியவர். கெடான்ஜி பிரவுன் ஜாக்சன் இரண்டு வருடம் ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத குற்றவாளிக் கூண்டுக்காரர்களுக்காக வாதாடும் அரசுச் சம்பள வக்கீல். பிறகு தண்டனை வரையறை ஆணையம், 2013-ல் மாவட்ட நீதிபதி, 2021-ல் டி.சி. சர்க்யூட், அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம். ஏமி கோனி பாரெட் 2017-ல் ஏழாவது சர்க்யூட்டுக்குப் போனது சட்டப் பேராசிரியர் நாற்காலியிலிருந்து. அமுல் தாப்பர் முதலில் ஃபெடரல் அரசு வழக்கறிஞர், 2008-ல் கென்டக்கியில் மாவட்ட நீதிபதி, 2017-ல் ஆறாவது சர்க்யூட். வாசல்கள் பல. ஆனால் இவர்களில் பலரிடமும் பொதுவாகக் காணும் ஒரு படி உண்டு. என் அம்மா வருத்தப்பட்ட அந்தக் கிளர்க் வேலை.

வக்கீல் குமாஸ்தா என்றால் நம் ஊரில் வாய்தா தேதி குறிப்பவர், கட்டு தூக்குபவர், ஸ்டாம்பு ஒட்டுபவர். அவர் இல்லாமல் எந்த வக்கீல் அலுவலகமும் ஓடாது, அது வேறு விஷயம். இங்கே லா கிளர்க் என்பது நீதிபதியின் பக்கத்து அறையில் உட்கார்ந்து வழக்கைப் படித்து, சட்டத்தைத் தேடி, தீர்ப்பின் முதல் வரைவை எழுதும் இளம் வழக்கறிஞர். ஒரு மேல்முறையீட்டு நீதிபதிக்குப் பொதுவாக நான்கு பேர். பெரும்பாலும் ஒரே வருடம். சம்பளம் பெரிய சட்ட நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர் வாங்குவதில் பாதிகூட வராது.

நான் போன மூன்றாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கு விவரம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீதிபதி அறையில் கண்டதை வெளியே பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு வேலையை விட்ட பிறகும் தொடர்கிறது. நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன். தண்டனை பெற்ற ஒருவருடைய மேல்முறையீடு. விசாரணை நீதிமன்றத்தில் ஒரு சாட்சியை அரசுத் தரப்பு கேட்ட விதம் எனக்கு அநியாயமாகப் பட்டது. இரவெல்லாம் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். இருபத்தி இரண்டு பக்கம், தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும் என்று. நீதிபதி பென்சிலோடு படித்தார். ஒன்பதாவது பக்கத்தில் நிறுத்தி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். “அந்தக் கேள்வியைக் கேட்டபோது இவருடைய வக்கீல் எழுந்து ஆட்சேபித்தாரா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “சாட்சியப் பதிவை எடுத்து வாருங்கள்.”

ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். வக்கீல் ஒன்றுமே சொல்லவில்லை. கேள்வி, பதில், அடுத்த கேள்வி, அடுத்த பதில், அவ்வளவுதான் தாளில் இருந்தது. ஆட்சேபிக்காமல் விட்டால் மேல்முறையீட்டில் அளவுகோலே மாறிவிடும். பிழை நடந்தது என்று காட்டினால் போதாது. பளிச்சென்று தெரியும் பிழை, முடிவையே பாதித்திருக்கக்கூடிய பிழை என்று காட்ட வேண்டும். நீதிபதி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் நம்மிடம் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். இதில் இல்லாததை நாம் எழுத முடியாது” என்றார். பிறகு அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து இன்னொரு முறை வாசித்தோம், வரி வரியாக. என் குறிப்பு இருபத்தி இரண்டிலிருந்து எட்டுப் பக்கமானது. இன்றைக்கும் ஒரு வழக்குக் கட்டு கைக்கு வந்தால் அந்த ஒன்பதாவது பக்கம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேலையே இதுதான். சாட்சி வரமாட்டார், ஜூரி இருக்காது, புதிய ஆதாரம் ஏற்கப்படாது. மூன்று நீதிபதிகள் அமர்ந்து, கீழே நடந்தது சட்டப்படி நடந்ததா என்று தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 40,000 மேல்முறையீடுகள் வருகின்றன. உச்ச நீதிமன்றம் வாதம் கேட்டு முடிவு செய்வது அறுபது, எழுபது வழக்குகள். அப்படியானால் ஏறக்குறைய எல்லோருக்கும் கடைசி வார்த்தை இந்த மூவருடையதுதான். சிறையிலிருந்து கையால் எழுதி அனுப்பும் மனுவும் இங்கேதான் வரும், பெரிய மருந்துக் கம்பெனியின் காப்புரிமைச் சண்டையும் வரும்.

அதனால் கூச்சம் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்த நீதிமன்றங்களில் பெரும்பாலான வழக்குகள் வாய்மொழி வாதமே இல்லாமல் முடிகின்றன. வாதம் உண்டென்றாலும் மூன்றாவது சர்க்யூட்டில் ஒரு தரப்புக்கு வழக்கமாகப் பதினைந்து நிமிடம்தான். எழுத்து வாதமோ 13,000 சொல் வரை போகலாம். நாள் முழுவதும் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து படிக்கவும், எழுதியதை நான்கு முறை அடித்து எழுதவும் சலிக்காதவர்களுக்கான வேலை இது. நாலு பேர் முன்னால் பேசாத பெண் வீட்டில் எப்படிப் படிக்கிறாள் என்று பாருங்கள். படித்ததில் ஒரு வாக்கியம் உறுத்தினால் திரும்பப் போய்ப் பார்க்கிறாளா? தான் எழுதியதை யாராவது திருத்தினால் முகம் சுளிக்கிறாளா, உட்கார்ந்து திருத்துகிறாளா? எனக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். நின்று பேசுவதைப் பழகிக்கொள்ளலாம். நீதிபதிகள் குறுக்கே கேள்வி கேட்டுக் குடைவதற்குப் பதில் சொல்லவும் பழக்கம் வேண்டும், அதற்குச் சட்டக் கல்லூரியிலேயே மாதிரி வாதப் போட்டிகள் இருக்கின்றன.

சிபாரிசு பற்றிக் கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். அரசியல் இல்லாமல் இந்த நியமனம் நடப்பதில்லை. அதிபர் தன் சட்டப் பார்வையோடு ஒத்துப்போகிறவரைத்தான் தேடுவார். வலதுசாரிப் பக்கத்தில் ஒரு சட்டச் சங்கம், இடதுசாரிப் பக்கத்தில் ஒன்று, அங்கே பழகியவர்கள் பெயர்தான் பட்டியலில் அடிக்கடி வருகிறது. 2013 நவம்பருக்கு முன் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே செனட்டில் 60 வாக்கு வேண்டியிருந்தது. இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். அதனால் அதிபரும் செனட்டும் ஒரே கட்சி என்றால் வேகமாக நடக்கும், இல்லையென்றால் நின்றுபோகும். பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான ஜான் ராபர்ட்ஸை 1992-ல் டி.சி. சர்க்யூட்டுக்கு முன்மொழிந்தார்கள், செனட் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர் அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்தது 2003-ல். எலினா கேகனை 1999-ல் அதே நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார்கள், விசாரணைகூட நடக்கவில்லை. 2010-ல் நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

உங்கள் மாநிலத்திலேயே நடந்தது இன்னும் கசப்பானது. பாகிஸ்தானில் பிறந்த வழக்கறிஞர் அடீல் மாங்கியை 2023 நவம்பரில் மூன்றாவது சர்க்யூட்டுக்கு முன்மொழிந்தார் பைடன். உறுதியாகியிருந்தால் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் முஸ்லிம் நீதிபதி. செனட் குழுவில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பல, எந்த வழக்கறிஞரிடமும் கேட்கக்கூடாதவை. ஒரு வருடத்துக்கும் மேல் காக்கவைத்து, வாக்கெடுப்பே இல்லாமல் முடிந்துபோனது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் மகளிடம் இதை மறைக்காதீர்கள். 97-0 நடந்த அதே செனட்டில்தான் இதுவும் நடந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு அவள் இறங்கட்டும்.

ஆனால் சிபாரிசு என்று நம் ஊரில் நாம் புரிந்துகொள்வது ஒன்று, இங்கே எடை போடப்படுவது இன்னொன்று. முன்மொழியப்பட்டவர் செனட் நீதிக் குழுவின் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். இதுவரை எழுதிய கட்டுரை, பேசிய மேடை, உறுப்பினராக இருந்த அமைப்பு, சொத்து, கடன் எல்லாம் அதில் வரும். எஃப்.பி.ஐ. பின்புலம் விசாரிக்கும். கேள்வித்தாளில் என்னை மிகவும் யோசிக்கவைத்த பகுதி, தான் நடத்திய மிக முக்கியமான பத்து வழக்குகளை விவரிக்கச் சொல்வது. அந்தப் பத்து வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் யார் என்றும் எழுத வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1953 முதல் நீதிபதி நியமனங்களை மதிப்பிட்டு வருகிறது. நேர்மை, திறமை, நிதானம் ஆகிய மூன்றையும் பார்க்கும். எல்லா அதிபர்களும் அந்த மதிப்பீட்டுக்கு ஒரே மரியாதை கொடுப்பதில்லை என்றாலும், அதற்காக விசாரிப்பவர்கள் நேரே எதிர்த்தரப்பு வக்கீலைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். “இவரோடு மோதினீர்களே, எப்படிப்பட்டவர்?”

யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீலின் குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் அவகாசம் கேட்டார். கொடுத்தாரா, இல்லையா? தனக்குப் பாதகமான ஒரு தீர்ப்பை நீதிமன்றத்தின் கண்ணில் படாமல் ஒளித்தாரா, தானே எடுத்துச் சொன்னாரா? அந்தத் தொலைபேசி அழைப்பில் இதெல்லாம் வெளியே வரும். எந்த அரசியல்வாதியையும் தெரியாத வீட்டுப் பெண் இப்போதிலிருந்தே சேர்த்துவைக்கக்கூடிய சிபாரிசு இது ஒன்றுதான்.

சட்டக் கல்லூரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளங்கலையில் எந்தப் பாடமும் படிக்கலாம், வரலாறு நல்ல தேர்வு. எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு, மூன்று வருடப் படிப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரில் எட்டு பேர் ஹார்வர்ட் அல்லது யேல். மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் அந்த அளவு நெருக்கடி இல்லை, ஆனாலும் பெயர்பெற்ற கல்லூரி கிளர்க் வேலைக்கு உதவும் என்பதை மறுக்க முடியாது. முதல் ஆண்டு மதிப்பெண்தான் மற்ற கதவுகளைத் திறக்கிறது. பெரும்பாலான பாடங்களில் பருவ முடிவில் ஒரே ஒரு பரீட்சைதான், அதை வைத்தே மதிப்பெண். அதோடு பேராசிரியர்களின் கடிதம் வேண்டும். வகுப்பில் கைதூக்காத பெண் என்றால் பேராசிரியரின் அறைக்கே போய்ப் பேசப் பழக வேண்டும், ஏனென்றால் அவளைத் தெரியாதவர் அவளுக்காக எழுத முடியாது. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் கிளர்க் விண்ணப்பம். அதற்கு முன்பே ஆளை எடுத்துவிடும் நீதிபதிகளும் உண்டு.

கதவு சாத்தப்படுவதும் நடக்கும். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1959-ல் கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு வெளியே வந்தார். பெண், அதிலும் சின்னக் குழந்தை இருந்த தாய். உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் கிளர்க்காக எடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் நியூயார்க்கில் ஒரு மாவட்ட நீதிபதி எடுத்துக்கொண்டார். இவரை எடுக்காவிட்டால் இனி என் மாணவர் ஒருவரைக்கூட உங்களிடம் அனுப்பமாட்டேன் என்று ஒரு பேராசிரியர் மல்லுக்கட்டியதால்தான் அதுவும் நடந்தது. கின்ஸ்பர்க் டி.சி. சர்க்யூட் நீதிபதியானது 1980-ல்.

பணம். நல்ல தனியார் சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். கழுத்தை நெரிக்கும் கடனோடு வெளியே வந்தால் கிளர்க் வேலை, பப்ளிக் டிஃபெண்டர் வேலை, அரசு வழக்கறிஞர் வேலை எல்லாம் எட்டாமல் போகும். சம்பளத்துக்காகப் பெரிய நிறுவனத்தில் மாட்டிக்கொண்டு பத்து வருடம் ஓடிவிடும். முழு உதவித்தொகை தரும் கொஞ்சம் கீழ்வரிசைக் கல்லூரி கிடைத்தால் பெயரைப் பார்த்து அதை உதறாதீர்கள். மேல்முறையீட்டு நீதிபதியின் சம்பளம் 2024-ல் ஆண்டுக்கு 2,57,900 டாலர். நல்ல தொகைதான். ஆனால் அந்த ஆண்டில் பெரிய நிறுவனங்களில் கல்லூரி முடித்து வந்த முதல் வருட வக்கீலுக்கே 2,25,000. பணத்துக்காக யாரும் இந்த நாற்காலிக்கு வருவதில்லை.

இன்னொன்று, எந்த ஊரில் வேர் விடுகிறாள் என்பது. டி.சி. போன்ற சில நீதிமன்றங்களைத் தவிர, சர்க்யூட்டில் அடங்கிய ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு நீதிபதியாவது இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒருவர் விட்ட இடத்துக்குப் பெரும்பாலும் அதே மாநிலத்துக்காரரைத்தான் தேடுவார்கள். அந்த மாநில செனட்டர்களின் சம்மதம் முன்பு போல் கட்டாயமில்லை என்றாலும் மதிப்பு இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே இருப்பவரை எந்த ஊரும் தன்னுடையவராக நினைக்காது. நியூ ஜெர்சியிலேயே நெவார்க், ட்ரென்டன், கேம்டன் மூன்று ஊர்களிலும் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் இயங்குகிறது. அங்கே அரசு வழக்கறிஞராகவோ பப்ளிக் டிஃபெண்டராகவோ பத்து வருடம் உழைத்தால், நீதிபதி ஆகாவிட்டாலும் அந்த மாநிலம் நம்பும் வழக்கறிஞராக இருப்பாள். என் மகளாக இருந்தால் இந்த வழியைத்தான் சொல்வேன்.

இந்த வருடம் அவள் செய்யக்கூடியது இரண்டு. மூன்றாவது சர்க்யூட் தன் வாதங்களின் ஒலிப்பதிவை இணையத்தில் போடுகிறது. ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, முதலில் இரு தரப்பு எழுத்து வாதங்களையும் படிக்கட்டும். யார் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். பிறகு ஒலிப்பதிவைக் கேட்கட்டும். தீர்ப்பு வந்ததும் தான் எழுதியதோடு ஒப்பிடட்டும். ஐந்து வழக்கு இப்படிச் செய்தால் இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா, கறுப்பு அங்கி மட்டும் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது உங்கள் தம்பியிடம் கேட்க வேண்டியது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் மாமாவோடு திருச்சி கோர்ட்டுக்குப் போய் உட்காரட்டும். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சியை யாரும் பார்ப்பதில்லை, தாளில்தான் படிப்பார்கள். ‘பதில் இல்லை’ என்று தாளில் இருக்கும் இரண்டு சொல்லுக்குப் பின்னால், கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கியபடி நிற்கும் ஓர் ஆள் இருக்கிறார். அவரை அவள் ஒரு முறையாவது நேரில் பார்க்கட்டும். மாமா குறுக்கு விசாரணை செய்யும் நாளாகப் பார்த்துக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.